செஸ்னா 172 டின்ட் சன் வைசர்: பாலிஷ் போடலாமா, புதிது மாட்டலாமா?

இடதுசீட்:
அரிசோனா மெசாவில் ஃபால்கன் ஃபீல்டு விமான நிலையத்தில் 1975 செஸ்னா 172எம் சிறு விமானம் ஒன்று வைத்திருக்கிறோம், நானும் இன்னொருவரும் கூட்டு. முன்பு வைத்திருந்தவர் மாட்டிய டின்ட் வைசர்கள் (வெயிலை மறைக்க மடக்கி இறக்கும் நிறத் தகடுகள்) இப்போது ஒப்பேறவில்லை. வலை பின்னியதுபோல் முழுக்கக் கீறல், குளிர்காலத்தில் சாயங்காலம் தென்மேற்கு நோக்கி ஓடுபாதையில் இறங்கும்போது சூரியன் நேர் எதிரே நிற்கும், அந்த வெயில் கீறலில் பட்டுச் சிதறி ஓடுபாதையே மறைந்துவிடுகிறது. வைசரைத் தாங்கும் தண்டு, அதாவது கை, பொருந்தும் திருகாணியைச் சுற்றி விரிசல் வேறு. கொஞ்சம் குலுங்கினாலும் வைசர் தானாகக் கீழே வந்துவிடும். பாலிஷ் போட்டால் தேறுமா? புதிது என்றால் நானே மாட்டலாமா? கூட்டாளி, முன்கண்ணாடியிலேயே டின்ட் ஃபிலிம் ஒட்டிவிடலாம் என்கிறார், அது சரியா?

ரிவெட்:
ஃபிலிம் வேண்டவே வேண்டாம். அமெரிக்கச் சிறு விமான விதித்தொகுப்பான பகுதி 23-இல் இருந்த 23.775 விதி, விமானியின் முன்னால் உள்ள கண்ணாடிகள் குறைந்தது 70 சதவீத வெளிச்சத்தை உள்ளே விடவேண்டும் என்றது. உங்கள் 172 அதற்கும் முந்தைய சிஏஆர் 3 என்ற விதித்தொகுப்பின் கீழ் சான்று பெற்றது, இருந்தாலும் காரணம் ஒன்றுதான்: இருட்டியபின் வைசரை மடக்கலாம், ஃபிலிமை மடக்க முடியாது.

விரிசல் விட்ட வைசரை மாற்றிவிடுங்கள், பாலிஷ் அதற்கு மருந்து இல்லை. திருகை அளவுக்கு மீறி முடுக்கினால்தான் பெரும்பாலும் அப்படி ஆகும். வைசரின் அக்ரிலிக் பிளாஸ்டிக் சூட்டில் அலுமினியத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு விரியும், அதனால் துளை திருகைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கவேண்டும், நடுவில் நைலான் வாஷர், பிடித்து நிற்கும் அளவுக்கு மட்டும் முடுக்கு. ரோசன் போன்ற நிறுவனங்களின் எஸ்டிசி (விமானத்தில் செய்யும் மாற்றத்துக்கான அரசு ஒப்புதல்) உள்ள கிட் வாங்கி, அதில் வரும் வரைபடப்படி ஏ அண்ட் பி மெக்கானிக் (உரிமம் பெற்ற விமான மெக்கானிக்) மாட்டி லாக்புக்கில் எழுதட்டும். பெரிய மாற்றங்களைப் பதியும் 337 படிவம் வேண்டுமா என்று வாங்கும் முன்பே உங்கள் ஐஏவிடம் (ஆய்வு அதிகாரம் பெற்ற மெக்கானிக்கிடம்) கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. காந்தத் திசைகாட்டி பக்கத்திலேயே இருக்கிறது. பெட்டியில் கிடந்த ஏதோ ஒரு இரும்புத் திருகைப் போட்டால் அது காட்டும் திசை விலகும். கிட்டோடு வரும் திருகையே போடுங்கள், மாட்டியபின் தெரிந்த திசையில் விமானத்தை நிறுத்தித் திசைகாட்டியை ஒருமுறை பாருங்கள்.

மேற்குக்காற்று:
வலது வைசரில் விரிசல் இல்லை, வெறும் கீறல்தான் என்றால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். முதலில் ஓரத்தைப் பாருங்கள்: நிறம் முழுத் தடிமனுக்கும் ஓடுகிறதா, மேலே மட்டும் பூசியதா? முழுக்க ஓடினால் நோவஸ் 2 என்ற பிளாஸ்டிக் பாலிஷ் போட்டுத் தேய்க்கலாம், மெல்லிய கீறல் போய்விடும். பூச்சு என்றால் பாலிஷ் அதையே திட்டுத் திட்டாக உரித்துவிடும்.

அப்புறம் துடைக்கும் விஷயம். நம் ஊர்ப் புழுதியில் பொடி மணல் இருக்கிறது, காய்ந்த துணியால் ஒரு இழுப்பு இழுத்தாலே கீறல்தான். கழற்றி, நிறையத் தண்ணீர் விட்டு, வெறும் விரலால் தடவுங்கள், மணல் இருந்தால் விரலுக்குத் தெரியும். பிறகு மிதமான சோப்பு, மெல்லிய பருத்தித் துணி. பேப்பர் டவல் கூடாது. அமோனியா கலந்த வீட்டுக் கண்ணாடி ஸ்ப்ரே, ஆல்கஹால், அசிட்டோன், பெட்ரோல் எதுவும் கிட்டே வரக்கூடாது, அக்ரிலிக் உள்ளுக்குள்ளேயே நுண்விரிசல் விடும். கையில் சானிடைசரோ கொசு மருந்தோ பூசிய ஈரத்தோடு வைசரைப் பிடித்து இழுக்காதீர்கள், கொசு மருந்தில் உள்ள டீட் பிளாஸ்டிக்கை அரிக்கும். விமானத்தை நிறுத்திவிட்டுப் போகும்போது வைசர் முன்கண்ணாடியைத் தொடாமல் மேலே மடங்கி இருக்கட்டும்.

இடதுசீட்:
ரொம்ப நன்றி இருவருக்கும். ஃபிலிம் பேச்சை விட்டுவிட்டோம். வலது வைசரின் ஓரம் முழுக்கச் சாம்பல் நிறம்தான், அதற்குப் பாலிஷ் போட்டுப் பார்க்கிறேன். இடதுக்குப் புதிது. போலரைஸ்டு கண்ணாடி மாதிரி வைசரும் போலரைஸ்டாக இருந்தால் நல்லதா?

ரிவெட்:
வேண்டாம். எல்சிடி திரைகளைச் சாய்த்துப் பார்த்தால் கறுத்துப் போகும். சாம்பல் நிறமே வாங்குங்கள், பச்சை, பழுப்பு வேண்டாம். ரேடியோ செத்துப்போய் விமான நிலையக் கட்டுப்பாட்டு டவரிலிருந்து விளக்கு காட்டினால் சிவப்பும் பச்சையும் மாறாமல் தெரியவேண்டும். கறுப்புக் கண்ணாடியும் போட்டு வைசரையும் இறக்கினால் இரட்டை இருட்டு, அதனால் கடைசி இறக்கத்தில் ஒன்றை விலக்கிவிடுங்கள். வைசர் தானாகக் கீழே வருகிறது என்றீர்களே, அதன் கையின் இறுக்கம்: குலுங்கினால் நகரக்கூடாது, ஒரு கையால் தள்ளினால் நகரவேண்டும், அந்த அளவு. மெக்கானிக் இருக்கும்போதே சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்து, தலை இடிக்காமல் முழுக்க மடங்குகிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.