விர்ச்சுவல்பாக்ஸ் போட்டதிலிருந்து லேபில் ஐபி மோதல்: சிஸ்டம் மாறுது, முகவரி மட்டும் மாறல

கொழிஞ்சை_லேப் கேட்டது:

வணக்கம். கொழிஞ்சாம்பாறையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் லேப். 24 சிஸ்டம், எல்லாமே விண்டோஸ் 10. ரெண்டு 16 போர்ட் சுவிட்ச், சாதாரண வகைதான். ரூட்டர் 192.168.1.1. டிஹெச்சிபி (ரூட்டர் தானா ஐபி முகவரி கொடுக்கிற முறை) 192.168.1.2-லிருந்து 254 வரைக்கும் திறந்தே இருக்கு.

லினக்ஸ் வகுப்புக்காக ஒரு சிஸ்டத்தில் விர்ச்சுவல்பாக்ஸ் 7 (விண்டோஸுக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டுற மென்பொருள்) போட்டு, அதுக்குள்ள உபுண்டு சர்வர் 22.04 ஏத்தினோம். அந்த முழு மெஷினையும் ஓவிஏங்கிற ஒரே ஃபைலா எக்ஸ்போர்ட் பண்ணி, பென் டிரைவ் வெச்சு 24 சிஸ்டத்திலும் இம்போர்ட் பண்ணினோம். எக்ஸ்போர்ட் பண்ணும்போது நெட்வொர்க் நாட் முறையில் (உபுண்டு விண்டோஸுக்குப் பின்னால மறைஞ்சு நெட்டுக்குப் போறது) இருந்துச்சு. பிள்ளைங்க ஒரு சிஸ்டத்திலிருந்து இன்னொண்ணுக்கு எஸ்எஸ்ஹெச் (தூரத்திலிருந்தே இன்னொரு சிஸ்டத்துக்குள்ள நுழையுற வழி) போட்டுப் பழகணும்னு பிறகு எல்லாத்தையும் பிரிட்ஜ்டு அடாப்டருக்கு (உபுண்டு லேப் நெட்வொர்க்கில் தனி சிஸ்டம் மாதிரி நேரா சேர்றது) மாத்தினோம். அன்னிக்கு ஆரம்பிச்சது.

விண்டோஸில் "இதே ஐபி முகவரி வேறொரு கம்ப்யூட்டருக்கும் இருக்கு"ன்னு எச்சரிக்கை வருது. ஒரு நாள் 9-ஆம் சிஸ்டம், மறுநாள் 14, அப்புறம் 3. ஆனா முகவரி எப்பவும் 192.168.1.50தான்.

உபுண்டு உள்ள எந்த எச்சரிக்கையும் கிடையாது. நெட் மட்டும் விட்டு விட்டு வருது. ஒரு சிஸ்டத்தில் மட்டும் ஓட்டினா சரியா இருக்கு, மூணு நாலு ஓடினா போச்சு.

மூணாவது, பக்கத்துக் கட்டடத்து சிசிடிவி ரெக்கார்டர் 192.168.56.20-ல் இருக்கு. ரூட்டர் வழியா முன்னாடி எல்லா சிஸ்டத்திலும் திறந்துச்சு. இப்ப லேபில் ஒண்ணுல கூடத் திறக்கல. விர்ச்சுவல்பாக்ஸ் இல்லாத ஆபீஸ் லேப்டாப்பில் மட்டும் திறக்குது.

உபுண்டுல டிஹெச்சிபின்னுதான் எழுதியிருக்கு, நானே ஃபைலைத் திறந்து பார்த்தேன். லேபில் தமிழ் மீடியம், மலையாளம் மீடியம் ரெண்டு பிள்ளைங்களும் இருக்காங்க. வழிமுறைச் சீட்டை ரெண்டு மொழியிலும் எழுதி ஒட்டணும். அதனால படிகளை வரிசையா சொன்னா உதவியா இருக்கும்.

---

மீனாட்சிபுரம்_சுவிட்ச் பதில்:

தம்பி, மூணும் வேற வேற கோளாறு. ஒண்ணா நினைச்சுத் தேடினா கிடைக்காது. மூணாவதைத்தான் முதல்ல எடுக்கணும், அஞ்சு நிமிஷ வேலை.

லேப் சிஸ்டம் ஒண்ணுல கமாண்ட் விண்டோ திறந்து 192.168.56.20-க்கு பிங் (பதில் வருதான்னு சோதிக்கிற கமாண்ட்) அடிங்க. வர்ற வரியை நிதானமா வாசிங்க. "192.168.56.1-லிருந்து பதில்: டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்"னு வரும்னு நினைக்கிறேன். அந்த 192.168.56.1 யாரு? ரூட்டர் இல்ல, ரெக்கார்டரும் இல்ல. உங்க சிஸ்டமேதான். விர்ச்சுவல்பாக்ஸ் போடும்போது ஹோஸ்ட்-ஒன்லி அடாப்டர்னு ஒரு கார்டு விண்டோஸுக்குள்ள உருவாகுது. அதுக்கு அது தானா எடுத்துக்கிற வரிசை 192.168.56.0, மாஸ்க் 255.255.255.0. அதனால 192.168.56-ல் தொடங்கும் எந்த முகவரியும் தன் பக்கத்திலேயே இருக்குன்னு விண்டோஸ் நினைச்சுக்குது. பாக்கெட்டை ரூட்டர்கிட்ட கொடுக்காம அந்தக் கார்டிலேயே தேடுது. அங்க ரெக்கார்டர் இல்ல, அதனால கிடைக்கல. "ரூட் பிரின்ட்" அடிச்சா 192.168.56.0 வரியில் கேட்வே இடத்தில் "ஆன்-லிங்க்"னு இருக்கும். அதைப் பார்த்து உறுதி பண்ணிக்கோங்க.

ஹோஸ்ட்-ஒன்லியை நீங்க பயன்படுத்தலன்னா அந்தக் கார்டை அழிச்சிடலாம். ஃபைல் மெனு, டூல்ஸ், நெட்வொர்க் மேனேஜர் போய், ஹோஸ்ட்-ஒன்லி பக்கத்தில் ரிமூவ். வேணும்னா அதே இடத்தில் முகவரியை 192.168.203.1-ன்னு மாத்துங்க. ஆனா பக்கத்து டேபில் இருக்கிற டிஹெச்சிபி சர்வரையும் சேர்த்து மாத்தணும். முன்னாடி அது 192.168.56.100-ல் உட்கார்ந்து 101 முதல் 254 வரை கொடுத்துக்கிட்டிருக்கும். கார்டை மட்டும் மாத்தி இதை விட்டுட்டா, உள்ள ஓடுற மெஷினுக்குப் பழைய வரிசையில் முகவரி போய், ரெண்டும் பேசிக்காது. பலர் சிக்குற இடம் இதுதான்.

இனி 50. எச்சரிக்கை வந்த சிஸ்டத்தில் ஈவென்ட் வியூவர் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் போங்க. சோர்ஸ் டிசிபிஐபி, எண் 4199 உள்ள பதிவைத் தேடுங்க. மோதின எதிராளியோட மேக் எண் (நெட்வொர்க் கார்டோட அடையாள எண்) அதுக்குள்ள இருக்கும். அதை அப்படியே இங்க போடுங்க. அதுவரைக்கும் ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்றது, ஐபியை ரிலீஸ் பண்ணி ரினியூ பண்றது எதுவும் வேண்டாம். அப்படிச் செஞ்சா அடையாளம் அழிஞ்சு, நாளைக்கு வேற சிஸ்டத்தில் திரும்ப முளைக்கும்.

---

கொழிஞ்சை_லேப்:

நன்றிங்கண்ணா. பிங்குக்கு நீங்க சொன்ன வரியேதான் வந்துச்சு. 24 சிஸ்டத்திலும் ஹோஸ்ட்-ஒன்லி கார்டை எடுத்தாச்சு, ரெக்கார்டர் திறக்குது.

4199 பதிவில் மேக் எண் 08-00-27-41-93-06. மூணு சிஸ்டத்துப் பதிவிலும் இதே எண்தான். ஆனா இந்த எண் எந்த சிஸ்டத்துதுன்னு தெரியல. 50-க்கு விடாம பிங் ஓட விட்டுட்டு ஒவ்வொரு கேபிளா பிடுங்கிப் பார்த்தேன். ஒண்ணைப் பிடுங்கினாலும் பதில் வந்துக்கிட்டேதான் இருக்கு.

---

மீனாட்சிபுரம்_சுவிட்ச் பதில்:

பிடுங்கினாலும் பதில் நிக்கல இல்லையா, அதுதான் விடை. அந்த எண் ஒரு மெஷின்ல இல்ல, 24-லயும் இருக்கு.

08-00-27 விர்ச்சுவல்பாக்ஸோட முன்னெண். விஎம்வேர்னா 00-50-56 இல்ல 00-0சி-29. லினக்ஸ் கேவிஎம்னா 52-54-00. மோதல் பதிவில் இந்த நாலில் ஒண்ணு இருந்தா எதிராளி நிஜப் பெட்டி இல்லன்னு உடனே தெரிஞ்சிடும்.

எண் எப்படி ஒண்ணாச்சுன்னா, இம்போர்ட் திரையில் மேக் அட்ரஸ் பாலிசின்னு ஒரு கட்டம் இருக்கு. அதில் தானா தேர்வாகி நிக்கிறது "நாட் அடாப்டர்களோட மேக் எண்ணை மட்டும் அப்படியே வெச்சுக்கோ". நாட் முறையில் அது ஆபத்தில்லாத தேர்வு, ஏன்னா அந்த மேக் எண் கேபிளுக்கு வெளியவே வராது. நீங்க நாட்ல எக்ஸ்போர்ட் பண்ணினீங்க, அதனால 24-லயும் பழைய எண்ணே வந்துச்சு. பிறகு பிரிட்ஜ்டுக்கு மாத்தினதும் அத்தனையும் ஒரே எண்ணோட சுவிட்சுக்கு வந்து நிக்குது.

உபுண்டுக்குள்ள எச்சரிக்கை வராததுக்கு இதுவும் ஒரு காரணம். முகவரி மோதலைக் கண்டுபிடிக்கிற விதி 2008-ல் வந்த ஆர்எஃப்சி 5227. வேற மேக் எண் என் ஐபியைச் சொன்னாத்தான் அதுப்படி மோதல். தன்னோட எண்ணையே கேட்டா அது தன் பாக்கெட்தான்னு விட்டுடும். சுவிட்ச் நிலைமை இன்னும் மோசம். 08-00-27-41-93-06 எந்தப் போர்ட்டில் இருக்குன்னு ஒரு இடம்தான் அது நினைவில் வெச்சுக்கும். 5-ஆம் போர்ட்டிலிருந்து பாக்கெட் வந்தா 5, அடுத்த நொடி 12-லிருந்து வந்தா 12. பதில் பாக்கெட் கடைசியா பேசினவனுக்குப் போகும். விட்டு விட்டு நெட் வர்றது இதனால்.

செய்ய வேண்டியது: உள்ள இருக்கிற மெஷினை முழுசா ஷட்டவுன் பண்ணுங்க. சேவ் ஸ்டேட்ல நிறுத்தினா மாத்த விடாது. செட்டிங்ஸ், நெட்வொர்க், அட்வான்ஸ்டு திறந்து, மேக் அட்ரஸ் கட்டத்துக்குப் பக்கத்தில் சுத்தின மாதிரி இருக்கிற அம்பை ஒரு தடவை அழுத்தி ஓகே. 24-லயும். அடுத்த தடவை இம்போர்ட் பண்ணும்போது "எல்லா அடாப்டருக்கும் புது மேக் எண்"ங்கிற தேர்வை எடுத்துட்டா இந்த வேலையே இல்ல.

---

வேலந்தாவளம்_வி பதில்:

அண்ணா சொன்னதோடு இரண்டு விஷயம் சேர்க்கிறேன். இவற்றை விட்டால் மேக் எண்ணை மாற்றிய பிறகும் பிரச்சனை தொடரும், "மாத்தியும் சரியாகலையே" என்று திரும்ப இங்கே வருவீர்கள்.

ஒன்று, அந்த 50 எங்கிருந்து வந்தது என்பது. டிஹெச்சிபி என்று எழுதியிருப்பதைப் பார்த்தேன் என்கிறீர்கள். ஒரு ஃபைலை மட்டும் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உபுண்டுவில் நெட்வொர்க் அமைப்பை எழுதிவைக்கும் நெட்பிளான் ஃபோல்டரில் உள்ள எல்லா ஃபைல்களையும் பாருங்கள். நெட்பிளான் அவற்றைப் பெயர் வரிசையில் வாசித்து ஒன்றாகச் சேர்க்கும். ஒற்றை மதிப்பு என்றால் பின்னால் வரும் ஃபைல் முன்னதை மாற்றிவிடும். முகவரிப் பட்டியல் அப்படி இல்லை, ஒன்றோடொன்று கூடும். ஒரு ஃபைலில் டிஹெச்சிபி ஆம் என்றும் இன்னொன்றில் 192.168.1.50/24 என்றும் இருந்தால், மெஷினுக்கு இரண்டு முகவரியும் உண்டு. நாட் முறையில் இருந்தவரை அந்த 50 யாருக்கும் தொந்தரவு தராமல் கிடந்திருக்கும். "ஐபி அட்ரஸ்" கமாண்டை அடித்து, ஒரே கார்டின் கீழ் இரண்டு வரி இருக்கிறதா பாருங்கள். உபுண்டு சர்வர் கையால் எழுதிய முகவரியை, வேறு யாராவது வைத்திருக்கிறார்களா என்று கேட்காமலே எடுத்துக்கொள்ளும். ரூட்டரும் 2 முதல் 254 வரை கொடுப்பதால், ஏதாவது ஒரு விண்டோஸுக்கு 50 போகத்தான் செய்யும். சிஸ்டம் மாறி மாறி வந்தது அதனால்தான்.

அந்த ஃபைலில் முகவரி வரியை நீக்கி "நெட்பிளான் டிரை" அடியுங்கள். சரி என்று 120 நொடிக்குள் உறுதி செய்யாவிட்டால் பழையபடி திரும்பிவிடும், அதனால் பயமில்லாமல் செய்யலாம். வரி உள்தள்ளலுக்கு ஸ்பேஸ் மட்டும், டேப் கூடாது.

இரண்டு, மெஷின்-ஐடி. உபுண்டு சர்வர் டிஹெச்சிபி கேட்கும்போது மேக் எண்ணைத் தன் அடையாளமாகச் சொல்லாது. ஈடிசி ஃபோல்டரில் உள்ள மெஷின்-ஐடி ஃபைலிலிருந்து ஓர் அடையாளத்தை உருவாக்கிச் சொல்லும். ஒரே ஓவிஏவிலிருந்து வந்த 24-க்கும் அந்த ஃபைலில் இருப்பது ஒரே 32 எழுத்து. மேக் எண் வேறாக இருந்தாலும், அடையாளத்தைப் பார்க்கும் ரூட்டர் ஒரே ஆள்தான் கேட்கிறார் என்று எல்லாருக்கும் ஒரே முகவரியைக் கொடுக்கும்.

வழி இரண்டு உண்டு. நெட்பிளானில் அந்தக் கார்டின் கீழ் "டிஹெச்சிபி-ஐடென்டிஃபையர்: மேக்" என்று ஒரு வரி சேர்ப்பது எளிது. சரியான வழி, மாஸ்டர் மெஷினில் மெஷின்-ஐடி ஃபைலை அழிக்காமல் உள்ளே இருப்பதை மட்டும் காலி செய்து, பூஜ்ஜியம் பைட் ஆக்கி, உடனே ஷட்டவுன் செய்து எக்ஸ்போர்ட் செய்வது. நடுவில் ஒருமுறை பூட் செய்தாலும் புது எண் எழுதப்பட்டுவிடும், மீண்டும் எல்லாமே ஒன்றாகிவிடும். ஏற்கெனவே விநியோகித்தவற்றில் ஃபைலைக் காலி செய்து ரீபூட் செய்யுங்கள். வார் ஃபோல்டரில் லிப், அதனுள் டிபஸ், அங்கும் ஒரு மெஷின்-ஐடி இருக்கும். அது முதல் ஃபைலைக் காட்டும் இணைப்பாக இருந்தால் கவலையில்லை. தனி ஃபைலாக இருந்தால் பழைய எண்ணை அங்கிருந்து எடுத்துவந்து போட்டுவிடும். அதையும் இணைப்பாக மாற்றுங்கள்.

எஸ்எஸ்ஹெச் வகுப்பு என்பதால் இன்னொன்று: 24-க்கும் ஹோஸ்ட் கீயும் (மெஷின் தன்னை அடையாளம் காட்டும் எஸ்எஸ்ஹெச் சாவி) ஒன்றுதான். எந்த மெஷினுக்குள் போகிறோம் என்று பிள்ளைகள் சரிபார்க்கவே முடியாது. அவற்றை நீக்கிப் புதிதாக உருவாக்குவது நல்லது.

---

கோபாலபுரம்_ரூட்டர் பதில்:

ரூட்டர் பக்கம் யாரும் தொடல. டிஹெச்சிபி வரிசையை 192.168.1.100 முதல் 199 வரைன்னு சுருக்குங்க. 24 விண்டோஸ், 24 உபுண்டு, சார்களோட போன் எல்லாம் சேர்த்தாலும் 100 போதும். கையால் போடுற முகவரி எதுவா இருந்தாலும் 99-க்குக் கீழ மட்டும்.

நம்ம பக்கம் மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும். பல சின்ன ரூட்டர் யாருக்கு எந்த முகவரி கொடுத்தோம்ங்கிற பட்டியலை ரேமில்தான் வெச்சிருக்கும். கரண்ட் போனா பட்டியல் போச்சு. யுபிஎஸ்ல இருக்கிற சிஸ்டம் பழைய முகவரியோடயே ஓடிக்கிட்டிருக்கும், ரூட்டர் அதையே புதுசா ஆன் ஆன சிஸ்டத்துக்குக் கொடுத்துடும். ரூட்டரையும் சுவிட்சையும் அதே யுபிஎஸ்ல போடுங்க.

பிரிட்ஜ்டு எல்லா வகுப்புக்கும் தேவையான்னும் யோசிங்க. சும்மா கமாண்ட் பழகுற வகுப்புக்கு நாட்டே போதும். அப்போ 24 மெஷினும் 10.0.2.15-ன்னு ஒரே முகவரி காட்டும். அது மோதல் இல்ல, ஒவ்வொண்ணும் அவங்கவங்க சிஸ்டத்துக்குள்ள தனியா இருக்கு. எஸ்எஸ்ஹெச் வேணும்னா போர்ட் ஃபார்வர்டிங்கில் ஹோஸ்ட் போர்ட் 2222, கெஸ்ட் போர்ட் 22. பக்கத்து பிள்ளை விண்டோஸோட ஐபியில் 2222-க்கு வந்தா உபுண்டு திறக்கும். விண்டோஸ் ஃபயர்வாலில் அந்தப் போர்ட்டுக்கு அனுமதி கொடுக்க மறக்காதீங்க.

---

கொழிஞ்சை_லேப்:

வேலந்தாவளம் அக்கா சொன்னது அப்படியே. நெட்பிளான்ல ரெண்டு ஃபைல் இருந்துச்சு, ரெண்டாவதுல 50. நான் முதல் ஃபைலை மட்டும்தான் பார்த்திருக்கேன்.

ஒரு சிஸ்டத்தில் மேக் எண்ணை மட்டும் மாத்திப் பார்த்தேன். அப்பவும் மத்த உபுண்டுக்கு வந்த 192.168.1.37 தான் வந்துச்சு. மெஷின்-ஐடியைக் காலி பண்ணி ரீபூட் பண்ணதும் வேற முகவரி. இப்ப 24-லயும் முடிச்சு, ரூட்டர் வரிசையையும் 100–199 ஆக்கியாச்சு. ரெண்டு வகுப்பு ஓடிடுச்சு, 4199 புதுசா எதுவும் பதிவாகல.

ஒரு சந்தேகம். சார் ஒருத்தர் லேப்டாப்பில் வைஃபை வழியா பிரிட்ஜ்டு போட்டிருக்கார். எந்த ஐபிக்கு எந்த மேக் எண்ணுன்னு காட்டுற "ஏஆர்பி மைனஸ் ஏ" பட்டியலில் அவரோட ரெண்டு ஐபிக்கும் ஒரே மேக் எண் வருது, 08-00-27 இல்லவே இல்ல. இதுவும் மோதலா?

---

மீனாட்சிபுரம்_சுவிட்ச் பதில்:

இல்ல தம்பி, அது சரிதான். வைஃபை ஆக்சஸ் பாயின்ட் தன்கிட்ட இணைஞ்ச மேக் எண்ணோட மட்டும்தான் பேசும். அதனால விர்ச்சுவல்பாக்ஸ் உள்ள இருக்கிற மெஷினோட பாக்கெட்டை லேப்டாப்போட வைஃபை மேக் எண் போட்டு அனுப்புது. ரெண்டு ஐபிக்கு ஒரு மேக் எண் இருந்தா பரவாயில்ல. ஒரு ஐபிக்கு ரெண்டு மேக் எண் மாறி மாறி வந்தாத்தான் மோதல். ஆனா வைஃபையில் 08-00-27-ஐத் தேடினா கிடைக்காதுன்னு சீட்டில் எழுதி வெச்சிடுங்க. அந்த லேப்டாப்புக்கு மட்டும் நாட் போடச் சொல்லுங்க.

விண்டோஸ் சிஸ்டங்கள்ல பழைய பதிவு ஒட்டிக்கிட்டிருக்கும். அட்மினா கமாண்ட் விண்டோ திறந்து "ஏஆர்பி மைனஸ் டி", அதுக்கப்புறம் நட்சத்திரக் குறி. ஒரு தடவை எல்லாத்திலும் அடிச்சிடுங்க.