பத்தாம் வகுப்பு ஆங்கிலக் கவிதையும் கதையும்: தமிழ்ச் சுருக்கத்தை எப்போது சொல்வது? (ஆசிரியர்களின் அனுபவப் பகிர்வு)

பட்டதாரி ஆசிரியர், மதுரை மாவட்டம்:

கிப்ளிங்கின் ‘தி சீக்ரெட் ஆஃப் தி மெஷின்ஸ்’ கவிதைக்கு வரும் விடைத்தாள்களில் ஒரு பிழை விடாமல் வரும். கவிஞரைச் சுரங்கத்திலிருந்து எடுத்து உலையில் உருக்கினார்கள் என்ற பொருளில் பிள்ளைகள் எழுதியிருப்பார்கள். திருத்தும்போது சிரிப்பு வந்தாலும் காரணம் நம் பக்கம்தான் இருக்கிறது. புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே “இயந்திரங்களைப் பற்றிக் கவிஞர் என்ன சொல்கிறார் என்றால்…” என்று தமிழில் சுருக்கம் சொல்லிவிடுகிறோம். கவிதை முழுவதும் இயந்திரம்தான் பேசுகிறது. அந்தக் குரல் நம் முதல் வாக்கியத்திலேயே காணாமல் போய்விடுகிறது.

தலைப்பைச் சொல்லாமல் தொடங்கினால் இது நடக்காது. முதல் நான்கு வரிகளை மட்டும் பலகையில் எழுதி, இரண்டு முறை உரக்க வாசித்துவிட்டு, “இதில் பேசுவது யார்?” என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். பதில் தமிழில் வரட்டும். தங்கம், கத்தி, இரும்பு, பாத்திரம் என்று எதைச் சொன்னாலும் பலகையின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஐந்தாம் வரியைச் சேர்த்தால், பேசுபவர் தண்ணீரும் நிலக்கரியும் எண்ணெயும் கேட்கிறார். தங்கமும் பாத்திரமும் அடிபட்டுப்போகும். இரவும் பகலும் உழைப்பேன் என்ற எட்டாம் வரி வரும்போது வகுப்பே விடையைச் சொல்லிவிடும். இதற்குப் பத்து நிமிடம் போதும். தமிழ்ச் சுருக்கம் வேண்டுமானால் அதற்குப் பிறகு சொல்லலாம். பெரும்பாலும் தேவைப்படாது.

ஆறாம் வரியில் தடுமாறுவார்கள். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி கேட்கிறது இயந்திரம். அது 0.0254 மில்லிமீட்டர். நோட்டுத்தாள் ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர், ஆகவே தாளில் கால் பங்கு. ஒரு தாளைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னால், இயந்திரம் கேட்பது எவ்வளவு சொற்பம் என்பது புரியும். பின்னால் வரும் மிரட்டலுக்கும் இங்கேதான் அடித்தளம்: இவ்வளவு நுட்பமாகப் பொருந்தியதைக் கையாளும்போது தவறினால் உயிர் போகும்.

மேல்நிலைப் பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்:

சார் சொன்னதோடு இலக்கணத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். முதல் நான்கு வரிகளும் ‘வீ வேர்’ என்று செயப்பாட்டு வினையில் தொடங்குகின்றன. அடுத்த பத்தியின் நான்கு வரிகளும் ‘வீ கேன்’. மூன்றாம் பத்தியில் அதே ‘கேன்’ எதிர்மறையோடு வருகிறது: அன்பு காட்ட, இரங்க, மன்னிக்க முடியாது. பிறர் கையில் அடிபட்டுக் கிடந்த இயந்திரம் வேலை கற்று, கடைசியில் எச்சரிக்கும் நிலைக்கு வருவதை வினைச்சொற்களை வட்டமிட்டாலே பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். செயப்பாட்டு வினையைத் தனியாக நடத்தி முடித்த வாரத்தில் இந்தக் கவிதையை எடுத்தால் இரண்டும் ஒன்றையொன்று தாங்கும்.

இரண்டாம் பத்தியில் 20 வினைச்சொற்கள் இருக்கின்றன, வரிக்கு ஐந்து. இருபதுக்கும் பொருள் எழுதிப்போடுவது வீண் வேலை. பாதிக்கு மேல் ஆறாம் வகுப்பிலேயே தெரிந்த சொற்கள். தெரியாத மூன்று நான்கை மட்டும் செய்து காட்டிவிட்டு, வரிசைக்கு ஒரு வரி என்று பிரித்து, ஒவ்வொரு வினையிலும் மேசையைத் தட்டி வாசிக்கச் சொல்லுங்கள். ஆலை ஓடும் தாளம் கிடைக்கும். (பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.)

மோனையில்தான் மதிப்பெண் போகிறது. எழுத்தைப் பார்த்துக் குறிக்கிறார்கள். ‘நைஃப்’ (knife), ‘கைட்’ (kite) இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்கினாலும் ஒலி வேறு. ‘சிட்டி’ (city), ‘கேட்’ (cat) கதையும் அதுதான். கண்ணால் படித்தே பாடத்தை முடிக்கிற வகுப்பில் இந்தப் பிழை ஒருநாளும் போகாது. விடையைக் குறிக்கும் முன் வாயால் ஒருமுறை சொல்லிப் பார்க்கும் பழக்கம் வர வேண்டும்.

ஆசிரியர், உயர்நிலைப் பள்ளி, திருநெல்வேலி மாவட்டம்:

பாராஃபிரேஸ் (கவிதையின் பொருளைச் சொந்தச் சொற்களில் உரைநடையாக்குவது) எழுதும்போது ஏற்படும் சிக்கலையும் சொல்ல வேண்டும். ‘இயந்திரங்கள் சொல்கின்றன’ என்று சரியாகத் தொடங்கும் பிள்ளை, மூன்றாம் வாக்கியத்தில் ‘வீ’ என்று மூலத்துக்கே திரும்பிவிடும். அயற்கூற்றை எங்கே நிறுத்துவது என்று தெரியாததுதான் காரணம். எழுதும் முன் பத்தியிலுள்ள ஒவ்வொரு ‘வீ’, ‘அஸ்’ மேலும் பென்சிலால் ‘தே’, ‘தெம்’ என்று எழுதவைத்தால் தடுமாற்றம் குறையும். இரண்டு வரிக்கு ஒரு வாக்கியம் போதும். மூலத்தின் சொற்களையே இடம் மாற்றி அடுக்குவது பாராஃபிரேஸ் ஆகாது. அதைத் தடுக்க, புத்தகத்தை மூடிவிட்டு எழுதச் சொல்வதுதான் வழி.

ஆசிரியை, சேலம்:

சுருக்கத்தை முதலில் சொல்லக் கூடாது என்பது உரைநடைக்கும் விதி. அல்போன்ஸ் தோதேயின் ‘தி லாஸ்ட் லெசன்’ கதையை “பிரஷ்யாக்காரர்கள் பிரெஞ்சு மொழியைப் பள்ளியிலிருந்து நீக்கிவிட்டார்கள்” என்று சொல்லித் தொடங்கினால் கதை முடிந்தது. கதையில் வரும் பள்ளி ஆசிரியர் ஹாமெல் அந்த அறிவிப்பைச் சொல்லும் இடத்துக்கு முன்பே தோதே தடயங்களை வைத்திருக்கிறார்: அறிவிப்புப் பலகை முன்னால் கூட்டம், ஞாயிற்றுக்கிழமை போல அமைதியான பள்ளி, தாமதமாக வந்தும் கிடைக்காத திட்டு, ஆய்வு நாளிலும் பரிசளிப்பு நாளிலும் மட்டும் ஹாமெல் அணியும் பச்சைக் கோட்டு, பின்பெஞ்சில் ஊர்ப் பெரியவர்கள். அறிவிப்புக்கு முந்தைய வரியில் வாசிப்பை நிறுத்தி, “வழக்கத்துக்கு மாறாக இன்று என்னென்ன?” என்று இருவர் இருவராகப் பட்டியலிடச் சொல்லுங்கள். ஏழு நிமிடம் போதும். பிறகு அறிவிப்பைப் படித்தால், முன்னால் பார்த்த ஒவ்வொன்றுக்கும் காரணம் தானே விளங்கும்.

பிரஷ்யாவுடனான 1870-71 போரில் பிரான்ஸ் தோற்று, கதை நடக்கும் அல்சாஸ் பகுதியை இழந்தது என்ற பின்னணிக்கு ஐந்து வாக்கியம் தாண்ட வேண்டாம். வரைபடத்தில் ரைன் ஆற்றின் மேற்குக் கரையைக் காட்டினால் போதும். அல்சாஸில் பெரும்பாலோர் வீட்டில் பேசியது ஜெர்மானியக் கிளைமொழி என்பதைக் கதை சொல்வதில்லை. நம் வகுப்பில் இது நல்ல விவாதத்தைக் கிளப்பும். ஆனால் கதையைப் படித்து முடித்த பிறகுதான் சொல்ல வேண்டும். முதலிலேயே சொன்னால் ஹாமெலின் துயரத்தை யாரும் கேட்க மாட்டார்கள்.

பட்டதாரி ஆசிரியர், தர்மபுரி மாவட்டம்:

எல்லாம் சரி டீச்சர், 45 நிமிடப் பாடவேளையில் இதற்கெல்லாம் இடம் எங்கே? மெல்லக் கற்போருக்குக் கைடில் உள்ள பத்தியை மனப்பாடம் செய்ய வைத்தால் தேர்ச்சிக்குப் போதும்.

மதுரை ஆசிரியர் மீண்டும்:

தேர்ச்சிக்குப் போதும் சார், மறுக்கவில்லை. ஆனால் மனப்பாடப் பத்தியில் முதல் வாக்கியம் மறந்தால் மொத்தமும் போகும். பேசுபவர் யார் என்று தெரிந்த பிள்ளை தவறான ஆங்கிலத்திலாவது நான்கு வரி எழுதும், அதற்குப் பகுதி மதிப்பெண் கிடைக்கும். நேரக் கணக்கு, ஒரு கவிதைக்கு மூன்று பாடவேளை: முதலாவதில் யார் பேசுவது என்று கண்டுபிடிப்பது, இரண்டாவதில் வாசிப்பும் அணிநயமும், மூன்றாவது முழுக்க எழுத. பொருள் சொல்லி நோட்டில் எழுதிப்போடுகிற முறைக்கும் மூன்று வேளை ஆகத்தான் செய்கிறது. மெல்லக் கற்போருக்கு எட்டு வரியில் நான்கை மட்டும் கொடுங்கள். மற்ற நான்கையும் பக்கத்தில் இருப்பவன் வாசிக்கட்டும்.