டிவி யூனிட் அடிச்சு மாட்டிக்கிட்டவங்க இங்க வாங்க

மடிப்பாக்கம்வாசி

புது வீடு, ஹால் சுவர் பத்தரை அடி, கையில ஏற்கெனவே 55 இன்ச் டிவி. போன்ல பார்த்த படம் மாதிரி டிவி பேனலுக்குள்ள புதைஞ்சு உட்காரணும், சுத்தி வெளிச்சம் கசியணும். இவ்வளவுதான் ஆசை.

வந்த ஆசாரிக்கு அறுபதுக்கு மேல இருக்கும். நான் "55 இன்ச்"னு சொன்னதைக் காதுலயே வாங்கல. டிவியை அட்டைப்பெட்டியிலேர்ந்து எடுக்கச் சொல்லி டேப் வெச்சார். காதுல செருகியிருந்த பென்சிலை எடுத்து ஒரு பிளைவுட் துண்டுல எழுதினார்: 48½. (55ங்கறது மூலைக்கு மூலைன்னு அன்னிக்குத்தான் எனக்கு உறைச்சது. படிச்சது எஞ்சினியரிங்.)

குழி அகலம் 49 போதும்னு நான் சொன்னேன். "ஓரத்துக்கு ரெண்டு நூல், கால் இன்ச்சுதான் வரும் சார், கை போகாது"ன்னார். அதுதான் அழகுன்னேன். கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துட்டு, "நாளைக்கு இதைவிடப் பெரிசா வாங்குவீங்களா?"ன்னு கேட்டார். நான் சிரிச்சேன். "தியேட்டரா நடத்தப் போறேன்? இதுவே ஜாஸ்தி"ன்னேன். அவர் ஒண்ணும் சொல்லல.

மூணு வருஷம் கழிச்சு தீபாவளி ஆஃபர்ல 65 வாங்கியாச்சு. அதுக்கு 57 இன்ச் வேணும். பேனல், மைக்கா, பிளைவுட் எல்லாத்தையும் உடைக்கணும்னு மனசைத் தேத்திக்கிட்டு அதே ஆசாரியைக் கூப்பிட்டேன். வந்தார். ரம்பம் எடுக்கல. குழியோட ஓரத்துல இருந்த பீடிங்கை, அதான் அந்த மெல்லிசு மரப் பட்டையை, உளி நுனியால லேசா நெம்பினார். அடியில வரிசையா ஸ்க்ரூ தலை. ஒண்ணொண்ணா கழட்டினார். ரெண்டு பக்கப் பலகையும் ஒரு கீறல் இல்லாம முழுசா கையோட வந்துடுச்சு.

"இந்த ரெண்டுலயும் ஃபெவிகால் வெக்கல சார். எடுக்கற மாதிரிதான் வெச்சேன்."

சொல்லிட்டு டேப்பை எடுத்து அளக்க ஆரம்பிச்சுட்டார். என் முகத்தைக்கூடப் பார்க்கல. நான் அன்னிக்குச் சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல கேட்குது.

---

திருச்சி மருமகள்

உங்களுக்கு சிரிப்பு, எனக்கு ஒரு "ம்".

ஒயர் ஒண்ணுகூட வெளியில தெரியக் கூடாதுன்னு ஒத்தக்கால்ல நின்னது நான்தான். செட்டாப் பாக்ஸ், வைஃபை பாக்ஸ், அந்த ஸ்பைக் பஸ்டர் எல்லாத்தையும் கீழ ஒரு அறைக்குள்ள தள்ளி, முன்னாடி வால்நட் மைக்கா ஒட்டின கதவு. மூடினா அப்படி ஒரு சுத்தம். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவங்க எல்லாம் அதைத் தடவிப் பார்த்துட்டுப் போனாங்க.

மறுநாள் ராத்திரி எட்டு மணி. மாமனார் ரிமோட்டை அமுக்கறார், சேனல் மாறல. கையை நீட்டி அமுக்கறார். எழுந்து நின்னு அமுக்கறார். தொடையில ரெண்டு தட்டு தட்டி, பேட்டரியைக் கழட்டி உருட்டிப் போட்டு மறுபடி அமுக்கறார். எனக்குப் புரிஞ்சுபோச்சு. போய்க் கதவைத் திறந்தேன். மாறிடுச்சு. மூடினேன். மாறல. அப்போ என்னையும் கதவையும் மாத்தி மாத்திப் பார்த்துட்டு "ம்"னார் பாருங்க. திட்டியிருந்தாக்கூட மறந்திருப்பேன்.

மே மாசம் இன்னொரு கூத்து. படம் அப்படியே நின்னு நின்னு வருதேன்னு கதவைத் திறந்தா இட்லிப் பானை மூடியைத் திறந்த மாதிரி சூடு மூஞ்சியில அடிக்குது. பாக்ஸ் மேல கை வைக்க முடியல. பின் பலகையில ஒரு ஓட்டைகூட விடல. அதுவும் நான் சொன்னதுதான், பூச்சி வரும்னு. இப்போ கதவு மொட்டைமாடி ரூம்ல சாத்தி வெச்சிருக்கு. ஒயர் எல்லாம் அம்மணமா தொங்குது. மாமனார் சந்தோஷமா இருக்கார்.

---

அளவுநாடா

இரண்டு கதையையும் படித்தேன். மன்னிக்கவும், இரண்டிலும் தவறு வீட்டுக்காரர் மேல்தான். மடிப்பாக்கம் நண்பர் ஆசாரியைத் தெய்வமாக்குகிறார். பசை இல்லாமல் ஸ்க்ரூ மட்டும் போட்ட பலகை நாளடைவில் ஆடும், கீச்சுச் சத்தம் வரும். முதலில் குழி வெட்டியதே தவறு.

என் அனுபவம் சிறியது. சுவருக்குள் முக்கால் இன்ச் பைப் போட்டுப் பூசி, பெயின்ட்டும் அடித்துவிட்டோம். பாக்ஸிலிருந்து டிவிக்குப் படம் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ ஒயர் போகும், அதன் தலை வளைவில் திரும்பாது. எலக்ட்ரீஷியன் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார், நைலான் கயிறு கட்டி இழுத்துப் பார்த்தார். கடைசியில் தலை பிய்ந்து கையோடு வந்தது. அவ்வளவுதான்.

இனிமேல் செய்பவர்களுக்காகச் சொல்கிறேன். டிவிக்குப் பின்னாலிருந்து கீழ் யூனிட் வரை இரண்டு இன்ச் பைப் போடுங்கள், செங்குத்தாகத் திரும்பும் முட்டு வளைவு வேண்டாம். உள்ளே ஒரு கயிறு விட்டு வையுங்கள், நாளைக்கு வேறு ஒயர் இழுக்க உதவும். ஒளியிழையில் படம் கடத்தும் நீளமான ஆப்டிக்கல் எச்டிஎம்ஐ வாங்கினால் எந்த முனை டிவிக்கு, எந்த முனை பாக்ஸுக்கு என்று அதிலேயே போட்டிருக்கும். மாற்றி இழுத்தால் படம் வராது, மறுபடி முதலிலிருந்து உருவ வேண்டும். 43 இன்ச் டிவிக்கு அகலம் ஏறக்குறைய 37½, 55-க்கு 48, 65-க்கு 57. இது திரை மட்டும், சட்டம் தனி. இன்றைக்கு எந்த டிவி இருந்தாலும் அதற்கு அடுத்த அளவுக்கு இடம் விடுங்கள். பிளக் பாயின்ட்டை டிவியின் நட்டநடுவுக்குப் பின்னால் வைக்காதீர்கள், பிளக் தலை துருத்திக்கொண்டு டிவி சுவரோடு ஒட்டாது. பின்னால் நான்கு ஸ்க்ரூ ஓட்டை இருக்கிறதே, அதற்கு வெசா அளவு என்று பெயர். 200க்கு 200, 400க்கு 400 மில்லிமீட்டர் என்று வரும். பிராக்கெட் வாங்கும் முன் அதைப் பாருங்கள். உங்கள் சுவர் செங்கல்லா, ஏஏசி பிளாக்கா (காற்றுக் குமிழி உள்ள லேசான சிமென்ட் கல்) என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஏஏசி பிளாக்கில் ஸ்க்ரூவுக்குப் போடும் சாதாரண பிளாஸ்டிக் கிரிப் பிடிக்காது, பொலபொலவென்று உதிரும், அதற்கென்று தனி ஆங்கர் உண்டு. பிளைவுட்டில் ஐஎஸ் 710 முத்திரை பாருங்கள், அதுதான் தண்ணீர் தாங்கும் மெரைன் பிளை. ஆசாரியிடம் சதுர அடிக் கணக்கில் விலை பேசும்போது டிராயரின் உள்பக்கம் சேருமா சேராதா என்று முதல் நாளே கேளுங்கள். டிவியின் நடுப்புள்ளி தரையிலிருந்து 42 இன்ச். சோபாவில் உட்கார்ந்தால் கண் அங்கேதான் இருக்கும். இதற்கு மேல் ஒரு இன்ச்கூட ஏற்றாதீர்கள். சவுண்ட்பார் வைப்பவர்கள் டிவியின் அடி விளிம்பில் இருக்கும் ரிமோட் கண்ணை மறைக்காமல் வையுங்கள். திருச்சி சகோதரி மைக்காவுக்குப் பதில் கண்ணாடிக் கதவு போட்டிருந்தால் ரிமோட் வேலை செய்திருக்கும்.

---

தாமிரபரணிக்கரை

அளவுநாடா அண்ணாச்சி, 42 இன்ச்சு உங்க சோபாவுக்குச் சரி. எங்க ஆச்சிக்கு?

எங்க வீட்டுல சோபா இருக்கு, அதுல துவைச்ச துணிதான் உக்காந்திருக்கும். மனுசங்க எல்லாம் தரையில. தரையில சம்மணம் போட்டா கண்ணு ரெண்டரை அடியிலல்லா நிக்கும். மாட்ட வந்த பையன் உங்களைவிட ஒரு படி மேல, அஞ்சடி உசரத்துல மாட்டிட்டுப் போயிட்டான். கீழ யூனிட்டு, அதுக்கு மேல ஜாடி, அதுக்கும் மேல டிவி. ஆச்சி ரெண்டு நாள் பாத்தா. மூணாம் நாள் பாயை விரிச்சு, தலகாணியை மடக்கி, சுவத்தைப் பாக்கக் காலை நீட்டிப் படுத்துக்கிட்டா. "சாமி கும்பிடுத மாதிரி அண்ணாந்துகிட்டே கெடக்க முடியுமால"ன்னா. இன்னைக்கும் படுத்துக்கிட்டுதான் பாக்கா.

சொல்ல வந்தது அது இல்ல. எங்க பழைய வீட்டு ஷோகேஸ். அரசு இலவச கலர் டிவி வந்த சமயம், 14 இன்ச்சுப் பெட்டி. தாத்தா பூவரசு பலகையில ஷோகேஸ் அடிச்சு, நடுவுல அந்தப் பெட்டிக்குன்னே ஒரு கூடு விட்டாரு. ஆழம் ஒன்றரை அடி. பின்னாடி டப்பா துருத்தும்லா. சுத்தி கண்ணாடித் தட்டு, அதுல எவர்சில்வர் கோப்பை, மாமா கபடியில வாங்கின கப்பு. டிவி கூட்டுக்கு மட்டும் சின்னதா ஒரு திரைச்சீலை, தூசி விழாம.

அப்புறம் 32 இன்ச்சு தட்டை டிவி வந்துச்சு. கூட்டுக்குள்ள போகல. ரெண்டு சித்தப்பாவும் சாய்ச்சு, சரிச்சு, குறுக்க வெச்சு எல்லாம் பாத்தாங்க. தாத்தா திண்ணையில இருந்து எட்டிப் பாத்துட்டு, "அறுத்துறாதீங்கடே"ன்னு மட்டும் சொன்னாரு. அறுக்கல. ஷோகேஸுக்கு முன்னாடி ஒரு ஸ்டூலு போட்டு டிவியை வெச்சோம். கூட்டுல பிள்ளையார் படமும் விளக்கும் ஏறிடுச்சு. திரைச்சீலை அப்படியே இருக்கு. இப்ப தாத்தா படமும் அங்கனதான்.

---

சேலம் பக்கம்

டிவி சுவருக்கு அந்தப்புறம் பாத்ரூம். யாரும் யோசிக்கல. எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செஞ்ச பலகை) பேனல் ஒரே மழைக்காலத்துல பூரி மாதிரி உப்பிடுச்சு. அடியில தட்டினா பொடி கொட்டுது. கழட்டிப் பார்த்தா சுவர்ல பூஞ்சை, டைல்ஸ் இடுக்கு வழியா ஊறின தண்ணி. முதல்ல பாத்ரூமைப் பாருங்க, அப்புறம் பேனலைப் பாருங்க.

---

உளிச்சத்தம்

நான் தொழில் பண்றவன். இருபத்தி ரெண்டு வருசம். மேல ஒருத்தர் ஸ்க்ரூ மட்டும் போட்டா ஆடும்னு எழுதியிருக்காரு. டிராயருக்குச் சரி, வெயிட் தாங்கற தட்டுக்குச் சரி. பக்கத்துல நிக்கற அலங்காரப் பலகைக்கு என்ன வெயிட்டு? பின்னாடி சட்டம் நேரா இருந்தா ஸ்க்ரூ போதும். அந்தப் பெரியவர் செஞ்சது சரி. நாங்களும் செய்வோம். ஆனா பார்ட்டி கேட்டாத்தான் சொல்லுவோம். முன்னாடியே சொன்னா "ஃபெவிகால் காசை மிச்சம் பிடிக்கிறான்"னு நினைப்பாங்க.

என் கதை வேற. ஒரு அடுக்குமாடி வீடு. முழு சுவருக்கும் வரிவரியா பள்ளம் விட்ட பேனல். டிவி கீழ டேபிள் மேலதான் நிக்கப் போகுதுன்னு ஓனர் சத்தியம் பண்ணினாரு. அதனால பின்னாடி மெல்லிசு ரீப்பர் சட்டம் மட்டும்தான், கெட்டி பிளைவுட் கொடுக்கல. டிவி வந்துச்சு. அதோட காலு ரெண்டும் நடுவுல இல்ல, ஓரத்துக்கு ஓரம். டேபிள் பத்தல. ஒரு கால் அந்தரத்துல நிக்குது. உடனே ஓனர் சுவத்துல மாட்டிடலாம்னுட்டாரு. மாட்ட வந்த பையன் பேனல் மேலயே டிரில்லைப் போட்டு பிராக்கெட்டை முடுக்கிட்டான். "தம்பி, அது வெறும் பேனல், சுவரு ரெண்டு இன்ச்சு பின்னாடி இருக்கு"ன்னேன். "எனக்குத் தெரியும்ணே"ன்னான். மாட்டி, கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டான்.

நான் கடைசிக் கதவுக்குக் கீல் மாத்திக்கிட்டிருக்கேன். மேல ‘கிர்ர்’னு ஒரு சத்தம். நிமிர்ந்தா டிவி மேல்பக்கம் முன்னால சாயுது. எழுந்து தோளைக் கொடுத்துட்டேன். ரெண்டு கையும் மேல, வாயில நாலு ஸ்க்ரூ. கத்த முடியல. துப்பவும் முடியல, புது மார்பிள் தரை. ஓனரம்மா சமையக்கட்டுல மிக்ஸி ஓட்டறாங்க. மிக்ஸி நின்னு, அவங்க வந்து, கிண்ணத்தைக் கீழ வெச்சுட்டுப் பிடிக்கற வரைக்கும் ரெண்டு நிமிசம் இருக்கும். பதினஞ்சு கிலோதான். எனக்கு அம்மியைச் சுமந்த மாதிரி இருந்துச்சு.

ஓனர் வந்து முதல்ல கேட்டது, "டிவிக்கு ஒண்ணும் ஆகலையே?"

அதுலேர்ந்து யார் என்ன சத்தியம் பண்ணினாலும் டிவி வர்ற இடத்துக்குப் பின்னாடி நாலடிக்கு மூணடி, 18 எம்எம் பிளைவுட்டைச் சுவத்தோட போல்ட் போட்டு வெச்சுட்டுத்தான் பேனலே அடிக்கறேன். காசு கேக்கறதில்ல. எல்இடி லைட்டுக்குக் கரண்ட் மாத்திக் கொடுக்கற அந்த டிரைவர் பெட்டியையும் பேனலுக்குள்ள அடைச்சு வெக்க மாட்டேன். முதல்ல போறது அதுதான்.

---

அளவுநாடா

உளிச்சத்தம் சொல்வது பெரும்பாலும் சரி. நான் ஆடும் என்று சொன்னது பொதுவாக. ஆச்சி விஷயத்தில் 42 இன்ச் பொருந்தாது என்பதை ஏற்கிறேன். சாய்க்கும் பிராக்கெட் போட்டால் படுத்தும் பார்க்கலாம். அதில் பல வகை உண்டு, விரிவாக எழுதட்டுமா?

---

திருச்சி மருமகள்

வேண்டாம் சார். கண்ணாடிக் கதவு போட்டா ஒயர் தெரியுமே, அதுக்குத்தானே மைக்காவே போட்டேன்.

---

தாமிரபரணிக்கரை

ஆச்சிகிட்ட கேட்டேன். இனிமே எதையும் மாத்தாதன்னுட்டா. படுத்துக்கிட்டே பாத்துப் பழகிட்டாளாம்.

---

சேலம் பக்கம்

மடிப்பாக்கம் சார், அந்த ஆசாரி நம்பர் கிடைக்குமா? இன்பாக்ஸ்ல அனுப்பினாலும் சரி.

---

மடிப்பாக்கம்வாசி

தர மாட்டேன், கோவிச்சுக்காதீங்க. எனக்கே லாஃப்ட் கதவு ரெண்டு பாக்கி இருக்கு, பொங்கல் கழிச்சுத்தான் வருவேன்னுட்டார். உளிச்சத்தம் அண்ணே, உங்களை ஒண்ணு கேட்கணும். புது பேனலை அடிச்சு முடிச்சுட்டு அவர் கிளம்பறப்போ, "இதுல எதுல ஃபெவிகால் இருக்கு, எதுல இல்ல?"ன்னு கேட்டேன். "வாங்கறப்போ கூப்பிடுங்க சார்"னுட்டுப் போயிட்டார். பீடிங்கை ஒரு ஓரத்துல நெம்பிப் பார்க்கலாமா, இல்ல மைக்கா பிஞ்சுடுமா?