ஹோஸ்ட் பார்ட்டிஷனை சர்வருக்குள் மவுண்ட் செய்ய முடியவில்லை

சாட்ஸ்வொர்த்காரன்:
வணக்கம். எங்கள் கோயில் காவடி வீடியோக்கள், தமிழ் வகுப்பு ஒலிப்பதிவுகள் எல்லாம் வீட்டிலுள்ள பழைய கம்ப்யூட்டரில் ஒரு 2 டிபி டிஸ்க்கில் கிடக்கின்றன. அதில் பிராக்ஸ்மாக்ஸ் (ஒரே கம்ப்யூட்டருக்குள் பல சர்வர்களை ஓட்டும் சிஸ்டம்) போட்டு, உள்ளே டெபியன் லினக்ஸ் சர்வர் ஒன்றை ஓட்டுகிறேன். ஹோஸ்டில், அதாவது பிராக்ஸ்மாக்ஸ் பக்கத்தில், அந்த டிஸ்க்கின் பார்ட்டிஷன் ஒழுங்காக மவுண்ட் ஆகிறது, ஃபைல் சிஸ்டம் ஈஎக்ஸ்டி4தான். சர்வருக்குள் போய் மவுண்ட் கொடுத்தால், ரூட்டாக (முழு அதிகாரமுள்ள யூசராக) இருந்தும் அனுமதி இல்லை என்கிறது. தயவுசெய்து ஃபார்மட் பண்ணு என்று மட்டும் சொல்லாதீர்கள். தைப்பூசத்துக்கு முன்னால் பெரியவர்களுக்குப் போட்டுக் காட்ட வேண்டும், வேறு நகல் கிடையாது.

கேப்டவுன்வாசி:
பார்ட்டிஷனையே விஎம்முக்கு (உள்ளே ஓடும் மெய்நிகர் கம்ப்யூட்டருக்கு) ஒரு டிஸ்க்காகக் கொடுத்துவிடுங்கள். முடிந்தது வேலை.

பீனிக்ஸ்அக்கா:
ஐயோ, வேண்டாம். ஹோஸ்டில் மவுண்ட் ஆகியிருக்கும்போதே விஎம்முக்கும் கொடுத்தால் இரண்டு கெர்னல்களும் (சிஸ்டத்தின் மையப் புரோகிராம்கள்) ஒன்றுக்கொன்று தெரியாமல் அதே ஈஎக்ஸ்டி4இல் எழுதும். ஃபைல் சிஸ்டம் நாசமாகிவிடும். ஹோஸ்டில் அன்மவுண்ட் செய்தபிறகு கொடுத்தால் சரி. தம்பி, உங்களுடையது தனிக் கெர்னலோடு ஓடும் கேவிஎம்மா, ஹோஸ்டின் கெர்னலையே பகிரும் எல்எக்ஸ்சி கன்டெய்னரா?

சாட்ஸ்வொர்த்காரன்:
எல்எக்ஸ்சி அக்கா. அன்பிரிவிலெஜ்ட் (சிறப்பு அதிகாரம் இல்லாதது) என்று டிக் போட்டிருக்கிறது.

பீனிக்ஸ்அக்கா:
அதுதான் காரணம். அங்கே ரூட் என்பவர் பெயருக்குத்தான் ரூட். ஹோஸ்டின் கணக்கில் அவர் 100000 எண்ணுள்ள சாதாரண யூசர். டிஸ்க்கை மவுண்ட் செய்ய கெர்னல் அவரை விடாது. உள்ளே முட்டிக்கொண்டிருக்காமல், ஹோஸ்டில் மவுண்ட் ஆன ஃபோல்டரையே உள்ளேயும் தெரியும்படி பைண்ட் மவுண்டாக அனுப்புங்கள். கன்டெய்னரின் கான்ஃபிக் ஃபைலில் எம்பி0 என்று ஒரு வரி: முதலில் ஹோஸ்டின் பாதை, கமா, பிறகு எம்பி= போட்டு உள்ளே தெரிய வேண்டிய பாதை. பார்க்க மட்டும்தானே வேண்டும்? ரீட் ஒன்லி என்றும் சேர்த்துவிடுங்கள். எழுதத்தான் வேண்டும் என்றால் ஹோஸ்டில் ஃபைல்களின் உரிமையாளரை மாற்ற வேண்டிவரும். உள்ளே 1000 என்பது வெளியே 101000.

கரண்ட் போவதையும் நினைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போய் வந்தபின் டிஸ்க் எழுந்திருக்கவில்லை என்றால், கன்டெய்னர் காலி ஃபோல்டரைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடும். எழுதும் அனுமதி இருந்தால் எல்லாம் ஹோஸ்டின் ரூட் பார்ட்டிஷனில் போய் நிரம்பும். அதனால் ஹோஸ்ட் கிளம்பும்போது மவுண்ட் செய்யும் பட்டியலான எஃப்எஸ்டேபில் யூயூஐடி (பார்ட்டிஷனின் அடையாள எண்), நோஃபெயில் (டிஸ்க் இல்லாவிட்டாலும் ஹோஸ்ட் கிளம்பட்டும் என்பது) இரண்டும் போடுங்கள். டிஸ்க் மவுண்ட் ஆகாத நேரத்தில் அந்தக் காலி ஃபோல்டரை சிஹெச்ஆட்டர் கட்டளை கொண்டு இம்யூட்டபிள் (யாரும் எதுவும் எழுத முடியாதபடி) ஆக்கிவையுங்கள்.

இன்னொன்று, பைண்ட் மவுண்டில் இருப்பதை பிராக்ஸ்மாக்ஸ் பேக்கப் எடுக்காது. நகல் கிடையாது என்று இவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறீர்களே! முதலில் ஒரு டிஸ்க் வாங்குங்கள்.

சாட்ஸ்வொர்த்காரன்:
வந்துவிட்டது அக்கா! உரிமையாளர் நோபடி என்று காட்டுகிறது, ஆனால் வீடியோ ஓடுகிறது. இரண்டு பழைய ஃபோல்டர்கள் மட்டும் திறக்கவில்லை.

பீனிக்ஸ்அக்கா:
நோபடி இருக்கட்டும், அந்த எண் உள்ளே மேப் ஆகவில்லை, அவ்வளவுதான். திறக்காத இரண்டுக்கும் மற்றவர்களுக்கான அனுமதி இருக்காது. ஹோஸ்டில் சிஹெச்மோட் கொண்டு அதர்ஸுக்கு ரீட், எக்ஸிக்யூட் கொடுங்கள். உள்ளே செய்தால் நடக்காது. டிஸ்க் வாங்கியாச்சா?