பழைய காலாங் அரங்கின் காற்பந்தாட்டப் புரோகிராம்கள்: துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னும் ஆண்டில்லாத அட்டையும்

கேலரி_கே:
சிங்கப்பூரின் காலாங்கில் இருந்த பழைய தேசிய விளையாட்டரங்கில், காற்பந்தாட்ட நாள்களில் விற்ற புரோகிராம் புத்தகங்கள் 38 என்னிடம் இருக்கின்றன. பெரும்பாலும் மலேசியக் கிண்ண ஆட்டங்கள், கொஞ்சம் எஸ்-லீக் (சிங்கப்பூரின் உள்ளூர் லீக்). பலவற்றில் நடுப்பக்க ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்துத் தாளில் கறை இறங்கிவிட்டது. நான்கைந்தில் பழுப்புப் புள்ளிகள். ஒன்றில் வழவழப்பான வண்ணப் பக்கங்கள் ஒட்டிக்கொண்டு பிரியவே மாட்டேன் என்கின்றன. இப்போது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் பாம் ஷெல்டரில், அதாவது பதுங்கறையில், அட்டைப்பெட்டிக்குள் இருக்கின்றன. பின்னைக் கழற்றலாமா? எந்த உறை நல்லது? இன்னொன்று, ஓர் அட்டையில் கிழமையும் தேதியும் இருக்கின்றன, ஆண்டு இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

தாள்வைத்தியர்:
முதல் வேலையாக ஷெல்டரிலிருந்து வெளியே எடுங்கள். இரும்புக் கதவைச் சாத்திவிட்டால் உள்ளே காற்று நகராது. நம் ஊரில் சாதாரண நாளிலேயே ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தொடும். 65க்கு மேல் நீடித்தாலே பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். அட்டைப்பெட்டி அந்த ஈரத்தை உறிஞ்சிப் புத்தகத்துக்கே கொடுக்கும். குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரியும் ஆகாது.

38 புத்தகம்தானே, கேமரா வைக்கும், ஈரத்தைக் குறைக்கும் சிறிய டிரை கேபினட் போதும். ஈரப்பதத்தை 45 முதல் 50க்குள் வையுங்கள். லென்ஸ் வைத்திருப்பவர்கள் 40 என்பார்கள். அதற்கும் கீழே போனால் தாள் மொறமொறத்து மடிப்பில் வெடிக்கும்.

உறை பாலிப்ராப்பிலீன் அல்லது பாலியெஸ்டராக இருக்கட்டும். பிவிசி வேண்டவே வேண்டாம். புது மழைக்கோட்டு வாசம் அடித்தால் அது பிவிசி என்று சந்தேகப்படுங்கள். அதை மென்மையாக்கச் சேர்த்த ரசாயனம் நாளடைவில் கசிந்து, அட்டையின் மையைத் தன்மேல் இழுத்துக்கொள்ளும். புத்தகத்தைவிட ஒவ்வோர் ஓரத்திலும் 5 மில்லிமீட்டர் பெரிதாக வாங்குங்கள், பின்னால் அமிலமில்லாத அட்டை ஒன்று வையுங்கள். உறையில் போடுமுன் இரண்டு மூன்று நாள் குளிர்சாதன அறையில் விரித்து வைக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஈரத்தையும் சேர்த்து மூடுகிறீர்கள். உறையின் வாயை டேப் போட்டு ஒட்டாதீர்கள். அடுக்கும்போது பத்துக்கு மேல் வேண்டாம். முதுகுப் பக்கம் தடிப்பாக இருப்பதால் ஒன்றை இடப்புறமும் அடுத்ததை வலப்புறமும் திருப்பி வைத்தால் அடுக்கு சாயாது.

அடுத்து ஸ்டேப்ளர் பின். துரு தாளைத் தின்னத் தொடங்கிவிட்டால் கழற்றத்தான் வேண்டும். ஸ்டேப்ளர் ரிமூவரைத் தொடாதீர்கள், பிடுங்கும்போது தாளும் சேர்ந்து கிழியும். நடுப்பக்கத்தை விரித்து, பின்னின் மடங்கிய கால்களுக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகுங்கள். அதன்மேல் மழுங்கிய மெல்லிய கத்தியால் ஒவ்வொரு காலாக நிமிர்த்துங்கள். பிறகு புத்தகத்தைக் கவிழ்த்து, முதுகுப் பக்கமிருந்து இரண்டு பக்கமும் சமமாகத் தூக்கினால் பின் வந்துவிடும். துரு தாளோடு ஒட்டியிருந்தால் இழுக்காமல் காலை நறுக்கி எடுங்கள். பொடியை உலர்ந்த மெல்லிய தூரிகையால் தட்டினால் போதும். எலுமிச்சை, வினிகர் என்று இணையத்தில் சொல்வதையெல்லாம் செய்தால் கறையோடு அச்சும் போகும். பழைய ஓட்டை வழியாகவே பருத்தி நூலைக் கோத்து, உட்பக்கம் தளர்வாக முடிச்சுப் போடுங்கள்.

ஒட்டிய பக்கங்களை விட்டுவிடுங்கள். அந்தத் தாளின் மேற்பூச்சில் களிமண் இருக்கிறது. ஒருமுறை நனைந்து காய்ந்தால் பசை மாதிரி இறுகிவிடும். ஆவி காட்டிப் பிரித்தால் ஒரு பக்கத்துப் படம் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வரும்.

ராமபாணப் பூச்சி ஓடுவதைப் பார்த்தால், காற்றுப்புகாப் பையில் கட்டி ஃப்ரீசரில் இரண்டு வாரம். வெளியே எடுத்தபின் ஒரு நாள் பையைத் திறக்காதீர்கள். குளிர்ந்த தாளில் நீர் படியும். அந்துருண்டை போட்டால் அதன் நாற்றம் தாளைவிட்டு எளிதில் போகாது.

பின்_பிரியன்:
கழற்றுவது பற்றி எனக்கு மாற்றுக் கருத்து. கறை பின்னைச் சுற்றி இரண்டு மில்லிமீட்டருக்குள் நின்றால் கைவைக்காதீர்கள். ஈரத்தைக் குறைத்தாலே துருவின் வேகம் அடங்கும். நாளை விற்க நேர்ந்தால் வாங்குபவர் முதலில் நடுப்பக்கத்தைத்தான் விரிப்பார். அச்சகத்துப் பின் இல்லாத புத்தகம் ஒரு படி கீழேதான். பேனாவால் எழுதிய கோல் கணக்கு, வெட்டிய கூப்பன், தொலைந்துபோன உட்செருகல் தாள் எல்லாமே விலையைக் குறைக்கும். நூல் கோத்த புத்தகத்தை விற்றால் அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும்.

ஜாலான்புசார்_வடக்கு:
ஆண்டைக் கண்டுபிடிக்க ஆட்டப் பக்கத்தைவிட விளம்பரப் பக்கம்தான் உதவும். முகவரியின் கடைசியில் உள்ள அஞ்சல் குறியீட்டைப் பாருங்கள். 'சிங்கப்பூர் 7' என்பதுபோல ஒன்றோ இரண்டோ இலக்கம் என்றால் பெரும்பாலும் 1979க்கு முன். நான்கு இலக்கம் 1979இலிருந்து 1995 வரை. ஆறு இலக்கம் அதற்குப் பின். 6இல் தொடங்கும் எட்டு இலக்கத் தரைவழித் தொலைபேசி எண் இருந்தால் 2002 அல்லது அதற்குப் பிறகு.

அடுத்து நாட்காட்டி. உதாரணத்துக்கு 'செவ்வாய், மே 24'. அரங்கம் திறந்தது 1973இல். அதிலிருந்து 1994 வரை மே 24 செவ்வாயில் விழுந்தது 1977, 1983, 1988, 1994 மட்டும்தான். மலேசியக் கிண்ணப் புத்தகம் என்றால் 1983ஐ அடித்துவிடலாம். 1982 முதல் 1984 வரை சிங்கப்பூர் அதில் ஆடவில்லை. மீதி மூன்றில் அஞ்சல் குறியீடு 1977ஐப் பிரித்துக் காட்டிவிடும். இறுதியாகத் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் அந்தத் தேதிக்கு முன்பின் இரண்டு நாள் தேடுங்கள். தமிழ் முரசும் அதில் இருக்கிறது. சில ஆண்டுகளின் பக்கங்களை நூலகத்துக்குள் உட்கார்ந்துதான் திறக்க முடியும்.

வாங்குபவர்களுக்கு ஒன்று: '1977 மலேசியக் கிண்ண இறுதியாட்டம், காலாங்' என்று யாராவது விலை சொன்னால் நகர்ந்துவிடுங்கள். சிங்கப்பூர் பினாங்கை 3-2 என்று வென்ற அந்த ஆட்டம் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் நடந்தது. பகாங்கை 4-0 என்று வென்ற 1994 இறுதி ஷா ஆலமில். காலாங்கில் நடந்ததாகச் சொல்லும் புத்தகம் எதுவானாலும் முதலில் ஆட்டம் எங்கே நடந்தது என்று பாருங்கள்.

கேலரி_கே:
நன்றி அண்ணே. விளம்பரத்தில் நான்கு இலக்கக் குறியீடு. ஆட்டக்காரர் பட்டியலில் ஆஸ்திரேலியர் அப்பாஸ் சாட் பெயர் இருக்கிறது.

ஜாலான்புசார்_வடக்கு:
எந்த அணியின் பட்டியலில் என்று பாருங்கள் தம்பி. 1991இல் அவர் ஜொகூருக்கு ஆடினார். சிங்கப்பூர்ப் பட்டியலில் இருந்தால் முதலில் 1990ஐயும் 1994ஐயும் பாருங்கள். மார்ச் முதல் டிசம்பர் வரை எந்தத் தேதியும் அந்த இரண்டு ஆண்டிலும் ஒரே கிழமையில் விழாது, அந்த இரண்டில் எது என்று அட்டையில் உள்ள கிழமையே காட்டிவிடும்.