திரைவாசிப்பான் பேச்சை நிறுத்திய பிறகும் மடிக்கணினி அணைவதில்லை

கேள்வி

வணக்கம். நான் முழுப் பார்வையற்றவன். விண்டோஸ் 11 உள்ள மடிக்கணினியை, திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் மென்பொருளின் துணையுடன் பயன்படுத்துகிறேன். மேசைத்திரையில் ஆல்ட், எஃப்4 இரண்டையும் சேர்த்து அழுத்தி, 'ஷட் டவுன்' என்று வாசிக்கக் கேட்டபின் என்டர் தட்டுகிறேன். என்விடிஏ வெளியேறும் ஒலியும் வருகிறது. ஆனால் மூடிப் பையில் வைத்துவிட்டுச் சில மணி நேரம் கழித்து எடுத்தால், கணினி சூடாகவும் மின்கலம் வெகுவாகக் குறைந்தும் இருக்கிறது. காற்றுத் துளையருகே உள்ளங்கையை வைத்தால் வெப்பக்காற்று தெரிகிறது. பவர் பொத்தானை நெடுநேரம் அழுத்தித்தான் அணைக்கிறேன். கோப்புகள் கெட்டுவிடுமோ என்று அச்சமாக இருக்கிறது. பார்வையுள்ளவர் துணையின்றி, எங்கே தடைபடுகிறது என்று எப்படிக் கண்டறிவது?

மறுமொழி 1

அந்த ஒலி, என்விடிஏ வெளியேறியதை மட்டுமே சொல்கிறது. கணினி அணைந்ததைச் சொல்வதில்லை. விண்டோஸ் 7 வரை அணையும்போது ஒரு தனி இசை கேட்கும். விண்டோஸ் 8 முதல் அது நீக்கப்பட்டதால், நம்மைப் போன்றவர்களுக்கு இருந்த ஒரே உறுதியான அடையாளம் போய்விட்டது.

அணைக்கும் ஆணை வந்ததும் விண்டோஸ் எல்லாச் செயலிகளையும் வெளியேறச் சொல்கிறது. திரைவாசிப்பானும் அவற்றுள் ஒன்று என்பதால் அது முந்திக்கொண்டு வெளியேறிவிடலாம். சேமிக்காத ஆவணம் ஏதேனும் திறந்திருந்தால், அந்தச் செயலி தடுப்பதாகச் சொல்லி, எப்படியும் அணைக்கவா, கைவிடவா என்று கேட்கும் திரை வந்து நிற்கும். அதை வாசித்துச் சொல்ல அப்போது யாரும் இல்லை.

பேச்சு நின்று ஒன்றிரண்டு நிமிடங்களாகியும் விசிறி ஓடினால், கன்ட்ரோல், ஆல்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். என்விடிஏ மீண்டும் பேசினால் கணினி மேசைத்திரைக்கே திரும்பியிருக்கிறது என்று பொருள். பேசாவிட்டால் உடனே பவர் பொத்தானுக்குப் போகாதீர்கள்: 'அப்டேட் அண்ட் ஷட் டவுன்' தேர்வாகியிருந்தால் புதுப்பிப்பு வேலை நடந்துகொண்டிருக்கும், அதை இடையில் வெட்டுவதுதான் உண்மையான ஆபத்து. விசிறி நிற்கும்வரை மூடியையும் மூட வேண்டாம். மூடினால் உறக்கநிலைக்குப் போவதே வழக்கமான அமைப்பு.

மறுமொழி 2

டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் 'அப்டைம்', அதாவது விண்டோஸ் தொடர்ந்து இயங்கும் நேரம், எவ்வளவு என்று பாருங்கள். தினமும் அணைத்தும் அது பல நாள்களைக் காட்டினால், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்குகிறது: அணைக்கும்போது விண்டோஸின் கருப்பகுதி வட்டில் சேமிக்கப்பட்டு, மறுநாள் அப்படியே மீள்கிறது. கோளாறுள்ள டிரைவரும் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) அதனுடனேயே மீள்வதால், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திப் பார்ப்பது நல்லது.

கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள், பவர் பொத்தான்களின் வேலையைத் தேர்வுசெய்யும் இணைப்பில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்புக்கான தேர்வுப்பெட்டி இருக்கிறது. ஆனால் டேப் விசையால் எத்தனை முறை சுற்றினாலும் அது அகப்படாது. முதலில் 'சேஞ்ச் செட்டிங்ஸ் தட் ஆர் கரண்ட்லி அன்அவெய்லபிள்' என்ற இணைப்பில் என்டர் தட்டினால்தான் குவியம் அங்கே செல்லும். தேர்வை நீக்கிச் சேமியுங்கள். அணைப்பதற்கு ரன் பெட்டியில் ஷட்டவுன், இடைவெளி, சாய்கோடு எஸ், இடைவெளி, சாய்கோடு டி, இடைவெளி, 10 என்று ஆங்கிலத்தில் தட்டலாம்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. என்விடிஏ மீண்டும் பேசியது. ஆல்ட், டேப் அழுத்திப் பார்த்தபோது சேமிக்காத வேர்டு ஆவணம் ஒன்று திறந்திருந்தது. அப்டைமும் பல நாள்களைக் காட்டியதால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிட்டேன். ரன் பெட்டி வழியையே இனி வழக்கமாக்கிக்கொள்ளலாமா?

மறுமொழி 3

வழக்கமாக்கிக்கொள்ளலாம், ஆனால் 10 என்ற எண்ணை மட்டும் மாற்றுங்கள். பூஜ்யத்தைவிடப் பெரிய எண் கொடுத்தால், செயலிகளை வலிந்து மூடும் ஆணையும் தானாகவே சேர்ந்துவிடும். சேமிக்காத ஆவணம் கேள்வியின்றிப் போய்விடும். 0 என்று தட்டினால் அது சேராது. எதுவாயினும் முதலில் ஆல்ட், டேப் கொண்டு திறந்துள்ளவற்றைச் சேமித்து மூடிவிடுங்கள்.

அணைந்ததா என்பதை மறுநாளும் சரிபார்க்கலாம். கணினியில் நடந்தவற்றின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம் பகுதிக்குச் செல்லுங்கள். 1074 என்ற எண்ணுள்ள பதிவு, எந்தச் செயலி அணைக்கச் சொன்னது என்று காட்டும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் நிறுத்தப்பட்டிருப்பதால், முறையாக அணைந்த நாளில் 6006 இருக்கும். 6008 இருந்தால் எதிர்பாராமல் அணைந்தது என்று பொருள். நீங்கள் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்த நாள்களுக்கு 6008 வருவது இயல்பே. அழுத்தாத நாளிலும் வந்தால், அந்தப் பதிவை நகலெடுத்து இங்கே இடுங்கள்.