மறுமொழி: ‘ஃபில்லர்’ எபிசோடுக்குத் தமிழில் என்ன சொல்?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். ஜப்பானிய அசைவுப்படத் தொடர்களில் (அனிமே) ‘சும்மா இடம் நிரப்பச் சேர்த்தது’ என்று ரசிகர்கள் தள்ளும் எபிசோடுதான் ‘ஃபில்லர்’. அதற்குத் தமிழ்ச்சொல் தேடி நாலு நாளாக இழை ஓடுகிறது, மடல்கள் குவிந்துவிட்டன, சொல்தான் அமையவில்லை. இதுவரை வந்தவை: நிரப்பி, இட்டுநிரப்பல், நிறைகதை, இடைச்செருகல், கிளைக்கதை. அப்புறம் ஒருவர் விளையாட்டாகப் போட்ட வெட்டிக்கதை. ‘அனிமே’, ‘மங்கா’ (ஜப்பானியச் சித்திரக்கதை) இரண்டையும் தமிழாக்க வேண்டுமா என்ற கிளைச்சண்டையை இப்போதைக்கு நிறுத்திவைப்போம். மங்கா என்றால் மாங்காய் நினைவுக்கு வருகிறது என்பதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நமக்கு ஒரு சொல் போதாது. ‘ஃபில்லர்’ என்ற ஒரே பெயரில் ரசிகர்கள் இரண்டு மூன்று வேறு வேறு காரியங்களைப் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். நாம் அந்த மூட்டையை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து தமிழில் இறக்க வேண்டியதில்லை.

இது எனக்கு எப்படிப் பட்டது என்றால், அக்கா மகனோடு ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’ பார்த்தபோது. அவன் மங்காவைப் படித்து முடித்தவன். ஹிரோமு அரகாவா 2001 முதல் 2010 வரை ‘ஷோனென் கங்கன்’ மாத இதழில் வரைந்தது; 108 அத்தியாயம், 27 தொகுதி. அதைப் போன்ஸ் ஸ்டுடியோ இரண்டு முறை அனிமேயாக எடுத்தது. முதலாவது 2003–04இல் 51 எபிசோடு. இரண்டாவது ‘பிரதர்ஹுட்’, 2009–10இல் 64 எபிசோடு. மங்காவை ஒட்டிப் போவது பிரதர்ஹுட்தான் என்பது ஊரறிந்த செய்தி. அதனால் அதைப் போட்டோம்.

முதல் எபிசோடு. ஐசக் மெக்டூகல் என்று ஒருவன், தண்ணீரை உறையவைக்கும் ரசவாதி, ராணுவத் தலைமையகத்தையே பனிக்கட்டியாக்கப் பார்க்கிறான். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, பையன் சொல்கிறான்: “மாமா, இவன் புக்லயே கிடையாது. இது ஃபில்லர், தள்ளிடுங்க.”

அவன் சொன்னதில் முதல் பாதி சரி. ஐசக் மங்காவில் இல்லை. ஆனால் எதை நிரப்ப வந்தான்? 2009 ஏப்ரலில் மங்கா ஏறத்தாழ எட்டு வருடக் கதையோடு முன்னால் நின்றது. காத்திருக்க வேண்டிய நெருக்கடியே இல்லை. மஸ்டாங், ஆம்ஸ்ட்ராங், ஹியூஸ், பிராட்லி என்று ராணுவப் பாத்திரங்கள் எல்லாரையும் ஒரே ராத்திரிச் சண்டையில் அறிமுகப்படுத்திவிட இயக்குநர் தரப்பு யோசித்துச் செருகிய கதை அது. ஓட்டையே இல்லாத இடத்தில் ‘நிரப்பி’ என்றால் பொருந்துமா?

நிஜமாகவே ஓட்டை விழும் இடம் வேறு. ‘நருட்டோ’வை எடுத்துக்கொள்ளுங்கள். வார இதழில் ஓர் அத்தியாயம் சுமார் 19 பக்கம். டிவியில் அரை மணி நேர இடம். விளம்பரம், தொடக்கப் பாட்டு, முடிவுப் பாட்டு எல்லாம் போக இருபது நிமிடம் சொச்சம். இரண்டு அத்தியாயத்தை ஓர் எபிசோடு சர்வசாதாரணமாகத் தின்றுவிடும். வரைபவர் வாரம் ஒன்று தருகிறார், டிவி வாரம் இரண்டு தின்கிறது என்றால் என்றைக்காவது பானை காலியாகத்தானே வேண்டும்? ஒளிபரப்பையும் நிறுத்த முடியாது, அந்த நேரம் கைவிட்டுப் போய்விடும். 2002இல் தொடங்கிய முதல் தொடர் மொத்தம் 220 எபிசோடு. அதில் 135க்குப் பிறகு வந்தவற்றில் 80க்கு மேல் மூல ஆசிரியர் கிஷிமோட்டோவின் மங்காவில் இல்லாதவை. 2007இல் அடுத்த தொடரான ‘ஷிப்புடென்’ தொடங்கும்வரை அதை வைத்தே ஓட்டினார்கள். இங்கே ‘இட்டுநிரப்பல்’ என்றால் நான் மறுக்கமாட்டேன்.

மூன்றாவது ரகம் ‘டிராகன் பால் இசட்’. நாமெக் கிரகம் ஐந்தே நிமிடத்தில் வெடிக்கும் என்கிறான் வில்லன் ஃபிரீசா. அந்த ஐந்து நிமிடம் எத்தனை வாரம் ஓடியது என்று அந்தக் காலத்தில் பார்த்தவர்களைக் கேளுங்கள். முறைப்பு, மேகம், பாறை உருளல், மறுபடி முறைப்பு. புதுக்கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, இருக்கிற காட்சியை இழுக்கிறார்கள். இதற்கு நாம் சொல் தேடவே வேண்டாம். மெகா சீரியல் பார்க்கும் எந்த வீட்டிலும் சொல்வார்கள்: ஜவ்வு, இழுவை. 2009இல் இதையே வெட்டிச் சுருக்கி ‘டிராகன் பால் காய்’ என்று மறுபடி வெளியிட்டார்கள். ‘செல்’ என்ற வில்லனின் கதை முடியும்வரை ஏறத்தாழ பாதி எபிசோடு குறைந்தது. இழுவை எவ்வளவு இருந்தது என்பதற்கு வேறு கணக்கு வேண்டாம். (ஜப்பானிய மொழியில் ‘காய்’ என்றால் திருத்தம். நம் ஊரில் பெயரைக் கேட்டால் பழுக்காத பதிப்பு போலிருக்கிறது.)

ஜப்பானியரே இவற்றை ஒன்றாகக் குழப்புவதில்லை என்பதுதான் எனக்குச் சுவையான விஷயம். மங்காவை ‘கென்சாகு’ என்பார்கள், மூலப்படைப்பு. மூலத்தில் இல்லாமல் அனிமேக்காரர்கள் சேர்த்தது ‘அனிஒரி’, ‘அனிமே ஒரிஜினல்’ என்பதன் சுருக்கம். இழுவைக்குத் தனியே ‘ஹிகினோபாஷி’, அதாவது இழுத்து நீட்டுவது. அனிஒரி என்ற சொல் ‘இது எங்கிருந்து வந்தது’ என்பதை மட்டும் சொல்கிறது. நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்வதில்லை. ‘ஃபில்லர்’ வாயைத் திறக்கும்போதே தீர்ப்போடு வருகிறது.

இனி வந்த சொற்கள்.

> இடைச்செருகல் நம் மரபிலேயே இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

இருக்கிறது, அதுதான் தொல்லை. கம்பராமாயணத்தில் பின்னால் வந்தவர்கள் எழுதிச் சேர்த்த பாட்டை வெள்ளிபாடல் என்று சொல்லும் வழக்கு உண்டு. பதிப்பாசிரியர்கள் அவற்றை மிகைப்பாடல் என்று பிரித்துத் தனியே அச்சிட்டார்கள். இடைச்செருகல் என்றாலே யாரோ கம்பன் பெயரில் திருட்டுத்தனமாக நுழைத்தது என்ற வாடை வந்துவிடும். அனிமேக்காரன் ஒளிக்கவில்லையே. எழுதியவர் பெயர் ஒவ்வொரு எபிசோடிலும் திரையில் போகிறது.

> கிளைக்கதை?

கிளைக்கதை மூலத்திலேயே இருக்கும். பாரதத்தில் நளன் கதை கிளைக்கதை, ஆனால் அதை யாரும் ‘மூலத்தில் இல்லாதது’ என்று சொல்லமாட்டார்கள். இங்கே வேண்டியது மூலத்தில் உண்டா இல்லையா என்ற பிரிவினை. அதனால் ஆகாது.

> நிறைகதை. தொல்காப்பியர் இசைநிறை என்கிறாரே, அதைப் போல.

படித்ததும் எழுந்து உட்கார்ந்தேன். ஓசையை நிறைக்க வரும் சொல்லுக்கு இலக்கணம் கௌரவமான இடம் கொடுத்திருக்கிறது, அதே கௌரவம் இதற்கும் கிடைக்கும் என்பது நல்ல எண்ணம். ஆனால் இன்றைக்கு ‘நிறைகதை’ என்று படிப்பவர் நிறைவான கதை என்றுதான் எடுத்துக்கொள்வார். நேர் எதிர்ப்பொருள்.

வெட்டிக்கதை பற்றி ஒன்றே ஒன்று. டிராகன் பால் இசட்டில் கோக்குவும் பிக்கோலோவும் டிரைவிங் ஸ்கூலுக்குப் போகும் எபிசோடு உண்டு. பூமியைப் பிளக்கிற பலசாலிகள் இருவர் கியர் போடத் தெரியாமல் முழிக்கிறார்கள். அகிரா டோரியாமாவின் மங்காவில் அது இல்லை. அதை வெட்டி என்று சொல்லும் ரசிகரை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஆகவே என் முன்மொழிவு இரண்டு:

செருகுகதை – மூலத்தில் இல்லாமல், திரைவடிவில் சேர்த்த கதை. காரணம் எதுவானாலும் சரி.
இழுவை – மூலத்தில் இருப்பதையே நீட்டுவது.

‘செருகுக்கதை’ என்று ஒரு மடலில் பார்த்தேன். வினைத்தொகை, ஒற்று மிகாது. ஊறுகாயை யாரும் ஊறுக்காய் என்பதில்லை.

அன்புடன்,
இழையைத் தொடங்கியவன்

——

தம்பிக்கு,

செருகுகதை நன்றாக இருக்கிறது, எனக்கு உடன்பாடு. ஆனால் நீங்கள் 2003ஆம் ஆண்டுத் தொடரைத் தொட்டுவிட்டு அப்படியே நகர்ந்துவிட்டீர்கள். பேத்தி போட்டுக் காட்டியதால் இரண்டையும் பார்த்தவன் நான். அந்த முதல் தொடர் செருகலும் இல்லை, இழுவையும் இல்லை. பாதிக்கு மேல் வேறு பாதையில் போய் வேறு இடத்தில் முடிகிறது. அதற்கு என்ன பெயர்?

இதற்கு நன்னூலைத் திறந்தால் போதும் என்பது என் எண்ணம். நூல் முதல், வழி, சார்பு என மூன்று வகை. வழிநூல் என்பது முதல் நூலின் முடிபோடு முழுக்க ஒத்துப்போகும். பின்னால் வந்தவன் தனக்கு வேண்டிய சில மாற்றமும் சொல்லிக்கொள்ளலாம். சார்புநூல் ஒரு பங்குதான் ஒத்துப்போகும், மற்றதில் திரியும். அதற்குப் புடைநூல் என்றும் பெயர். பிரதர்ஹுட் முடிவில் மங்காவோடு ஒத்து, அந்தப் பனிக்கட்டிக்காரனைப் போன்ற மாற்றமும் செய்துகொண்டதால் அது வழிநூல். 2003இல் வந்தது சார்புநூல். வழித்தொடர், சார்புத்தொடர் என்று வைத்துவிடுங்கள். எண்ணூறு வருடத்துக்கு முந்தைய சூத்திரம் ஜப்பான் கார்ட்டூனுக்குப் பொருந்துகிறதே என்று பேத்தியிடம் சொன்னேன். அவள் கார்ட்டூன் என்று சொன்னதற்குத்தான் கோபித்துக்கொண்டாள்.

——

ஐயா,

வணக்கம். வழித்தொடரை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறேன். முடிபு ஒத்தால் வழி, இடையில் மாறினாலும் வழியே. இந்த ஓர் அளவுகோல் ரசிகர்களின் பாதிச் சண்டையைத் தீர்த்துவிடும். ஏனென்றால் பிரதர்ஹுட் மூலத்துக்கு அச்சு அசல் என்பதும் முழு உண்மை இல்லை. யூஸ்வெல் சுரங்க ஊர்க் கதை மங்காவின் தொடக்கத்தில் வருகிறது. 2003 தொடர் அதைத் தனி எபிசோடாக எடுத்தது, பிரதர்ஹுட் தாண்டிப் போய்விட்டது. விலகிப்போன தொடரில் மூலக்கதை இருக்கிறது, ஒட்டிப்போன தொடரில் இல்லை!

சார்புத்தொடரில்தான் எனக்குத் தயக்கம். இலக்கணம் படித்த உங்களுக்குத் திரிபு தெரியும். மற்றவர் காதில் ‘சார்ந்து நிற்கும் தொடர்’ என்றுதான் விழும், மூலத்தை விடாமல் பிடித்துக்கொண்டது போல. புடைத்தொடர் என்றால் அடி விழுந்த இடம் நினைவுக்கு வருகிறது.

(கதை பார்க்காதவர்கள் அடுத்த இரண்டு பத்தியையும் தாண்டிவிடவும்.)

அந்தத் தொடர் எவ்வளவு விலகியது என்று பாருங்கள். மங்காவில் ஹோமுன்குலஸ்கள் (ரசவாதத்தில் உருவான செயற்கை மனிதர்கள்) எல்லாம் ‘தந்தை’ என்ற ஒருவனிடமிருந்து பிரிந்த பாவங்கள். 2003இல் அவை செத்தவரைப் பிழைக்கவைக்கப் பார்த்துத் தோற்றவர்களின் கைவினை. அதனால் கதாநாயகர்களான அண்ணன் தம்பி இருவரும் அம்மாவை மீட்கச் செய்த முயற்சியே ஒரு ஹோமுன்குலஸாக அம்மா முகத்தோடு எதிரில் வந்து நிற்கிறது. ஒரே பெயர் வேறு ஆளுக்குப் போகிறது. பிராட்லி மங்காவில் ‘கோபம்’, 2003இல் ‘கர்வம்’. இது மங்காவை எட்டிப்பிடித்ததால் மட்டும் வந்த வினையும் இல்லை. தொடர் தொடங்கியபோது மங்கா இரண்டு வருடக் கதைதான். முடிவு வேறாக இருக்கட்டும் என்று அரகாவாவே சொல்லியிருக்கிறார்.

ஹியூஸ் சாவது 2003இல் 25ஆம் எபிசோடில். பிரதர்ஹுட்டில் 10ஆம் எபிசோடிலேயே முடிந்துவிடுகிறது. இரண்டாவதில் அவரோடு பழகவே நமக்கு நேரமில்லை. முதலாவதில் அவர் மகள் பிறக்கும்போது பையன்கள் அந்த வீட்டில் இருக்கிறார்கள். அப்புறம் அந்தக் குழந்தை அப்பாவின் குழிமேட்டில் நின்று, ஏன் மண்ணைப் போட்டு மூடுகிறீர்கள் என்று கேட்கும்போது கல்நெஞ்சும் கரைந்துவிடும். மூலத்தோடு ஒத்தது உயர்ந்தது, விலகியது தாழ்ந்தது என்ற எண்ணம் சொல்லுக்குள் வந்துவிடக் கூடாது என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான். ‘திரிதொடர்’ என்று ஒரு நண்பர் தனிமடலில் அனுப்பினார். திரிந்த பால் என்கிறோமே, அந்தத் திரிதல் ஒட்டிக்கொள்ளும். வேண்டாம்.

‘பிரிவழித்தொடர்’ எப்படி? வழித்தொடருக்குச் சோடியாகவும் நிற்கும். ஒரு வழியில் கொஞ்சதூரம் சேர்ந்து நடந்து, பிறகு பிரிந்தது என்பதும் தெரியும். கொஞ்சம் நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். இதைவிடக் குறுகியது கிடைத்தால் இதைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

பட்டியலில் இப்படிப் போடுகிறேன், ஞாயிறு வரை மறுப்பு வந்தால் மாற்றலாம்:

செருகுகதை: “ஐசக் வரும் முதல் எபிசோடு செருகுகதை, ஆனால் பார்த்துவிடு.”
இழுவை: “நாமெக் சண்டை இழுவை, காயில் பார்.”
வழித்தொடர்: “பிரதர்ஹுட் வழித்தொடர்.”
பிரிவழித்தொடர்: “2003இல் வந்தது பிரிவழித்தொடர், தனிக்கதையாகவே பார்.”

அக்கா மகனிடம் நாலையும் காட்டினேன். இழுவையை உடனே எடுத்துக்கொண்டான், ஏற்கெனவே அவன் சொல்தான் அது. செருகுகதையை இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டு, “ஓகே, ஆனா பிரதர்ஹுட் 27ஆம் எபிசோடுல பழைய காட்சியையே வெட்டி ஒட்டிப் போடறாங்களே, அது எதுல வரும்?” என்றான். எதிலும் வராது. மூலத்தில் இல்லை என்றும் சொல்ல முடியாது, நீட்டியது என்றும் சொல்ல முடியாது. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன், தயவுசெய்து இதில் பதில் போடாதீர்கள்.

அன்புடன்,
இழையைத் தொடங்கியவன்